வரிசை யாருக்காகவும் நிற்காது

ஆணியில் சாவி இல்லை. போன வாரம் அந்த வெறும் ஆணியைப் பார்த்து நின்றவளை அப்படியே விட்டுவிட்டு வந்தோம். விடிந்துவிட்டது. இன்னும் அங்கேயேதான் நிற்கிறாள்.

தெருவில் எல்லோருக்கும் அவள் டீச்சர். பள்ளிக்கூட டீச்சர் இல்லை, டிரைவிங் ஸ்கூல் டீச்சர். தன் காலடியிலும் ஒரு பிரேக் வைத்த காரில் உட்கார்ந்து, ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவள். மூன்று வருடத்துக்கு முன்னால் எல்லைச் சாவடியில் குண்டு விழுந்து புருஷனைப் பறிகொடுத்தவள். அவனுடைய மோட்டார் சைக்கிள் வாசலில் நிற்கிறது. உயிர்விட்ட வீரர்களுக்காக வருடா வருடம் நடக்கும் மோட்டார் சைக்கிள் ஊர்வலம் இன்றைக்கு.

"மாமா, சாவி."

மாமனார் கண்ணாடி முன்னால் சவரம் செய்துகொண்டிருந்தார். முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பின்னால் யார் ஹார்ன் அடித்தாலும் வழி விடாத பழக்கம் இன்னும் போகவில்லை.

"மாமா, காது கேக்குதா?"

"கேக்குது."

"சாவி எங்க?"

"பத்திரமா இருக்கு."

"பத்திரமா எங்க இருக்குன்னு கேக்கறேன்."

"ஊர்வலத்தை நடத்துற கேப்டன் வந்து வண்டிய எடுத்துக்குவாரு. சொல்லிட்டேன். முன்வரிசையில முதல் வண்டி. டிவியில காட்டுவாங்க."

உள் அறையிலிருந்து பல் தேய்த்தபடியே நாத்தனார் வந்தாள். அவளை வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். கஸ்டமர் கேரில் வேலை. தினமும் எட்டு மணி நேரம் போனில் ஊர்த் திட்டெல்லாம் வாங்குகிறவள்.

"அப்பா, நிசமாவா? அந்த ஆளுக்கா?"

"நீ வாயைக் கழுவிட்டு வந்து பேசு."

"கழுவிட்டு வந்தா இதைவிட மோசமா பேசுவேன், பரவாயில்லையா?"

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு மாமனாருக்கு எதிரே உட்கார்ந்தாள். அவள் குரல் உயரவில்லை. உயராதபோதுதான் பயம்.

"போன வருஷம் நாம மூணு பேரும் வேன்ல போனோம். ஞாபகம் இருக்கா மாமா?"

"இருக்கு."

"அந்த நினைவு மைதானத்துல என்ன வழக்கம்? பேருப் பலகை கட்டின வண்டி வந்து நிக்கணும். ஓட்டிட்டு வந்தவன் மைக்ல அந்தப் பேரைச் சொல்லணும். அப்புறம் வண்டிய ஸ்டார்ட் பண்ணி எஞ்சினை ஓட விட்டுட்டு பக்கத்துல நிக்கணும். வண்டி வந்தாத்தான் பேரு. சரியா?"

"சரிதான்."

"உங்க பையன் பேரை யாரு சொன்னான்? முன்னப்பின்ன தெரியாத எவனோ ஒருத்தன். தாளைப் பாத்துப் படிச்சான். பாதிப் பேரை முழுங்கினான். ஸ்டார்ட் பண்ணிட்டு வண்டி மேல சாஞ்சு போன் பாத்தான். நான் வேன் ஜன்னல் வழியா பாத்துட்டு உக்காந்திருந்தேன்."

மாமனார் பிளேடைக் கழுவினார். கழுவினதையே மறுபடியும் கழுவினார்.

"இந்த வருஷம் அந்தப் பேரை நான்தான் சொல்லுவேன். என் கையால ஓட்டிட்டுப் போய், என் வாயால."

"நாலு பேரு என்ன பேசுவாங்க..."

"முப்பது வருஷம் பஸ் ஓட்டினீங்களே மாமா, ஒரு நாளாவது உங்க வண்டிச் சாவிய இன்னொருத்தன் கையில குடுத்துட்டுப் பின்சீட்ல போய் உக்காந்தீங்களா?"

அவர் அரை முகம் நுரையோடு எழுந்து போய், துவைத்து மடித்த பேன்ட்டுக்குள்ளிருந்து சாவியை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தார். கையில் கொடுக்கவில்லை.

"வண்டிய நான் துடைச்சு வைக்கறேன். கிளம்பு" என்றார்.

விட்டுக்கொடுத்துவிட்டார் என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

ஊர்வலம் கிளம்பும் மைதானத்தில் இருநூறு வண்டிகளுக்கு மேல். அதில் நாற்பத்து மூன்றில் பேருப் பலகை. ஏற்பாடெல்லாம் கேப்டன். அவர் எந்தப் பட்டாளத்திலும் இருந்ததில்லை, வண்டி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். பைக் கிளப்புக்குத் தலைவர் ஆனதும் கிளப்பில் கொடுத்த பட்டம் அது. அதற்கேற்ற நடையைத் தானே வரவழைத்துக்கொண்டார்.

"வாங்க தங்கச்சி" என்றார் கையை நீட்டி. "சாவி?"

"வண்டியில இருக்கு. வண்டி மேல நான் இருக்கேன்."

"விளையாடாதீங்க. குடும்பத்துக்கு வேன் போட்டிருக்கோம். ஏசி வேன்."

"எனக்குக் குளிரு ஒத்துக்காது."

"தங்கச்சி, இது கூட்டமாப் போறது. இடைவெளி விடாம, ஒரே வேகத்துல. பொம்பளைங்களுக்குப் பழக்கம் இல்லாத விஷயம்."

பின்சீட்டிலிருந்த வாலு பேருப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "அண்ணி, ரிவர்ஸ் எடுக்கறேன்னு நம்ம ஸ்கூல் சுவரை இடிச்சாரே ஒருத்தர், அது இவருதானே?"

பக்கத்து வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். கேப்டனின் கழுத்து சிவந்தது.

"ரெண்டு தடவை" என்றாள் டீச்சர். "ரெண்டாவது தடவை இடிச்சது முதல் தடவை இடிச்சுக் கட்டின சுவரை."

"சரி" என்றார் கேப்டன். அவர் சிரிக்கவில்லை. "ஓட்டுங்க. ஆனா கடைசியில. முன்னால கேமரா இருக்கு, அங்க சிக்கல் வேண்டாம். இன்னொன்னும் கேட்டுக்குங்க. வரிசை யாருக்காகவும் நிக்காது. வண்டி நின்னுச்சுன்னா நின்னதுதான். பத்து மணிக்கு அங்க இல்லாத வண்டிக்குப் பேரு கிடையாது. இது என் வீட்டுச் சட்டம் இல்ல, எல்லாருக்கும் இதான்."

"நிக்காது."

"பாக்கலாம்" என்றவர், வேன் பக்கம் போய்க்கொண்டிருந்த மாமனாரைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "பெரியவரே, என்கிட்ட விட்டிருந்தா முதல் ஆளா போயிருக்கும் உங்க பையன் பேரு!"

மாமனார் திரும்பவில்லை. ஆனால் அவர் காது சிவந்ததை டீச்சர் பார்த்தாள். அது யார்மேல் வந்த கோபம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஊர்வலம் கிளம்பியது. இரண்டு இரண்டு வண்டியாக, மெதுவாக. முதல் பத்து நிமிடம் எல்லாம் சரி. கடைவீதி தாண்டியதும் வண்டி ஒரு தடவை இருமியது. டீச்சர் கொஞ்சம் முறுக்கிக் கொடுத்தாள். மறுபடியும் இருமியது.

"அண்ணி, என்ன சத்தம் அது?"

"தெரியல. ஞாயித்துக்கிழமை நல்லாத்தானே ஓடிச்சு."

மேம்பாலத்து ஏற்றத்தில் வண்டி நாலு தடவை குலுங்கி நின்றேவிட்டது. டீச்சர் ஓரம் கட்டினாள். உதைத்தாள். மறுபடியும் உதைத்தாள். முன்னால் போனவர்களில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் தோளைக் குலுக்கினான். வரிசை பாலத்தின் உச்சியேறி, அந்தப் பக்கம் இறங்கி மறைந்தது.

"போறானுங்க பாருங்க. நின்னா குறைஞ்சா போயிடுவானுங்க?" வாலு கத்தினாள். "டேய் ஹெல்மெட்டு! திரும்பிப் பாத்தல்ல? கண்ணு தெரியுதுல்ல?"

டீச்சர் கத்தவில்லை. டேங்க் மூடியைத் திறந்து குனிந்து முகர்ந்தாள். பெயின்ட் டப்பாவைத் திறந்தது மாதிரி புளித்த வாடை. பெட்ரோல் வாடையே இல்லை.

பின்னால் குடும்ப வேன் வந்துகொண்டிருந்தது. உள்ளிருந்து யாரோ தகரத்தைத் தட்டும் சத்தம். "நிறுத்துய்யா! ஆளு இறங்கணும்னா நிறுத்தத் தெரியாதா உனக்கு? லைசென்ஸ் குடுத்தவன் எவன்?" வேன் நின்றது. மாமனார் இறங்கினார். இறங்கும்போதே விரலை நீட்டிக்கொண்டு வந்தார்.

"சொன்னேனா இல்லையா? சொன்னேனா இல்லையா? உன் பிடிவாதத்தால இன்னிக்கு என் பையன் பேரு போச்சு! கேப்டன்கிட்ட குடுத்திருந்தா..."

"மாமா, டேங்க்ல என்ன ஊத்தினீங்க?"

நீட்டிய விரல் அப்படியே நின்றது.

"காலையில துடைக்கறேன்னு சொன்னீங்களே. என்ன ஊத்தினீங்க?"

வேன்காரன் எட்டிப் பார்த்தான். "சார், ஏறுறீங்களா? பின்னாடி வண்டி நிக்குது."

"போய்யா" என்றார் மாமனார். வேன் போய்விட்டது.

"அப்பா" என்றாள் வாலு.

"அவன் போட்ட பெட்ரோல்" என்றார் அவர். "லீவு முடிஞ்சு கிளம்பின அன்னிக்குக் காலையில டேங்கை நிரப்பிட்டு வந்தான். அடுத்த மாசம் வந்து நானே காலி பண்றேம்ப்பான்னு சொன்னான். தகவல் வந்தப்புறம் நான் அதை வடிச்சுக் கேன்ல எடுத்து வெச்சேன். அதுல இன்னிக்கு அவன் வண்டி ஓடட்டும்னு... இருந்ததை எடுத்துட்டு அதை ஊத்தினேன்."

"மூணு வருஷமாவா? எங்க வெச்சீங்க?"

"சமையலறைப் பரண் மேல."

"அடுப்புக்கு மேலயா?" டீச்சரின் குரல் இப்போதுதான் உயர்ந்தது. அது உயர்ந்த வேகத்தில் பாலத்தில் போன சைக்கிள்காரர் பிரேக் பிடித்தார். "மூணு வருஷமா அடுப்புக்கு மேல பெட்ரோலை வெச்சுக்கிட்டு, கேஸை நல்லா மூடினியான்னு என்னை தினம் கேட்டீங்களா? பெட்ரோல் கெட்டுப்போகும் மாமா! ஒரு வருஷத்துலயே வீணாயிடும்!"

"டீசல் கெடாதே" என்றார் அவர்.

"இது உங்க பஸ்ஸா?"

அவர் டேங்க் மூடியைத் திருகி மூடினார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அவரு போட்டதுன்னு உங்களுக்கு மட்டும் ஒரு கேன். நான் அந்த வீட்டுல யாரு? என் பங்குக்கு என்ன இருக்கு? சட்டையெல்லாம் தானம் குடுத்துட்டீங்க. போட்டோவை உங்க ரூம்ல மாட்டிக்கிட்டீங்க. இந்த ஒரு நாள், மைக் முன்னால ஒரு நிமிஷம், அதைக் கேட்டேன். அதுலயும் ஊத்திட்டீங்க!"

"சொன்னா ஊத்த விட்டிருப்பியா? கெட்டுப்போச்சுன்னு கீழ கொட்டியிருப்ப!"

"கொட்டியிருப்பேன்!"

"அதான் சொல்லல!"

இருவருக்கும் மூச்சு வாங்கியது. வாலு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் சண்டை போடுங்க, நல்லாத்தான் இருக்கு. ஆனா மணி ஒன்பது இருபது. பாலம் இறங்கினா பங்க் இருக்கு. தள்ளுறீங்களா, இல்ல நான் ஒருத்தியா தள்ளட்டுமா?"

மூவரும் தள்ளினார்கள். டீச்சர் கைப்பிடியில், வாலு பக்கத்தில், மாமனார் பின்னால். உச்சியில் மாமனார், "நியூட்ரல்ல இருக்கா?" என்றார். டீச்சர் திரும்பிப் பார்த்த பார்வையில் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

பங்க்கில் டீச்சர் டேங்கடியில் குனிந்ததுமே, பைப் பிடித்திருந்த பெண் கையை விரித்துக்கொண்டு ஓடிவந்தாள். "இங்க கீழ எல்லாம் கொட்டக் கூடாது! நெருப்பு புடிக்கணுமா?"

"கொட்டலைங்க. பழசை வடிக்கணும். ஏதாவது பாத்திரம் இருக்கா?"

"பின்னாடி கழிவு டிரம் இருக்கு. ஓரமா வெச்சு வாளியில வடிச்சு அதுல ஊத்துங்க. சீக்கிரம்."

டீச்சர் பெட்ரோல் குழாயைக் கழற்றி வாளிக்குள் விட்டாள். காவி நிறத்தில் ஒழுகியது. கார்புரேட்டரின் அடி ஸ்குரூவைத் தளர்த்தி அங்கே தேங்கியதையும் வடித்தாள். கடைசிச் சொட்டு விழுந்ததும் வாளியைத் தூக்கப்போனாள். மாமனார் அவளுக்கு முன்னால் குனிந்து எடுத்துக்கொண்டார்.

"நான் ஊத்தறேன்."

"மாமா, நேரமாச்சு..."

"நான்தான் ஊத்துவேன்னு சொல்றேன்ல!"

டிரம் பக்கம் போனார். திரும்பி வரும்போது வாளி காலி. முகத்தில் ஒன்றும் இல்லை. பேன்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு லிட்டர் போடும்மா" என்று பைப்காரப் பெண்ணிடம் சொன்னார். "புதுசா போடு" என்றும் சேர்த்துக்கொண்டார், அவள் வேறு எதையோ போட்டுவிடப் போகிறவள் மாதிரி.

ஏழாவது உதையில் வண்டி பிடித்தது.

மூன்று பேர் ஒரே வண்டியில். டிரைவிங் ஸ்கூல் டீச்சர் தன் மாணவர்களுக்கு முதல் நாளே கூடாது என்று சொல்லிக்கொடுக்கும் காரியம் அது.

நினைவு மைதானத்துக்குள் நுழைந்தபோது மணி பத்தே கால். நாற்பத்து இரண்டு வண்டிகள் ஆளில்லாமல், எஞ்சின் ஓடியபடி நின்றன. பேர் சொல்லி முடித்துவிட்டார்கள். கூட்டம் டீ கேன் பக்கம் நகர ஆரம்பித்திருந்தது. டீச்சர் வேகத்தைக் குறைக்கவில்லை. நேராக மேடையடிக்கு வந்து நிறுத்தினாள்.

கேப்டன் மைக்கைக் கையில் வைத்திருந்தார். "முடிஞ்சிடுச்சு தங்கச்சி. நான் முன்னாலயே சொன்னேன். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"அடுத்த வருஷமா?"

"சட்டம்னா எல்லாருக்கும்..."

"அடுத்த வருஷம் வரைக்கும் காத்திருக்க அவருக்கு நேரம் இருக்கு. எனக்கு இல்ல. மைக்கைக் குடுங்க."

"குடுக்க முடியாது."

வாலு இறங்கி வந்தாள். "சார், ஒரு நிமிஷம். தினமும் எட்டு மணி நேரம் திட்டு வாங்கறவ நான். இதுவரைக்கும் ஒருத்தரையும் திருப்பித் திட்டினதில்ல. எல்லாம் இங்க சேத்து வெச்சிருக்கேன். ஆரம்பிக்கட்டுமா? டிவிக்காரங்க இன்னும் போகல."

கேப்டன் கேமராவைப் பார்த்தார். அந்த ஒரு விநாடியில் டீச்சர் மேடையேறி மைக்கை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பிடுங்கினாள் என்றும் சொல்லலாம்.

அவள் புருஷன் பேரைச் சொன்னாள். முழுப் பேரையும், படைப்பிரிவையும், வயதையும். தாளைப் பார்க்காமல், எதையும் முழுங்காமல். டீ கேன் பக்கம் போனவர்கள் நின்றார்கள். அவள் இறங்கி வந்து வண்டியை உதைத்தாள். முதல் உதையிலேயே பிடித்தது. நாற்பத்து மூன்றும் ஓடின.

மாமனார் அந்த வண்டியின் பக்கத்தில் நின்றார். சீட்டின்மேல் கையை வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். ஆஸ்பத்திரி நர்ஸ் உடுப்பு, தோளில் பை. டியூட்டி முடித்து நேராக வந்திருக்கிறாள்.

"நீங்க சொன்ன பேரு... சாவடியில குண்டு விழுந்த அன்னிக்குப் போனவர்தானே?"

"ஆமா."

"என் தம்பியும் அங்கதான். அதே நாள். ரெண்டு வருஷமா இங்க வந்து நிக்கறேன். அவன் பேரை ஒரு தடவையும் சொல்லல. வண்டி தர யாரும் ஒத்துக்கல."

டீச்சர் அவளைப் பார்த்தாள். "அன்னிக்கு அங்க போனது மூணு பேரு. எங்ககிட்ட வந்து சொன்னவங்க மூணு பேருன்னுதான் சொன்னாங்க. மத்த ரெண்டு பேரு வீட்டையும் எனக்குத் தெரியும்."

"நாலு பேருங்க" என்றாள் நர்ஸ். மடிப்பில் கிழிந்துபோன ஒரு தாளைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். "இதுல தேதி பாருங்க. இடம் பாருங்க."

அதே தேதி. அதே சாவடி. ஆனால் இப்படி ஒருத்தன் அங்கே இருந்ததாக மூன்று வருடத்தில் எந்த வாயும் சொன்னதில்லை. டீச்சருக்குக் காலையிலிருந்து இருந்த கோபமெல்லாம் சின்னக் கோபம் என்று பட்டது. மறுபடி மேடையேறினாள். மைக்கை வாயருகே கொண்டுபோன நேரம் அது செத்துப்போனது. ஒலிபெருக்கிக்காரன் பக்கத்தில் கேப்டன் நின்றுகொண்டிருந்தார்.

"மைக்கை ஆஃப் பண்ணிட்டாரு அண்ணி!"

"பண்ணட்டும்" என்றார் மாமனார். நர்ஸ் பக்கம் திரும்பினார். "தம்பி பேரு என்னம்மா?"

அவள் சொன்னாள்.

"எல்லாரும் வண்டிய ஆஃப் பண்ணுங்கய்யா!" முப்பது வருடம் பஸ்ஸில் கடைசி சீட் வரைக்கும், படிக்கட்டில் தொங்குகிறவனுக்கும் சேர்த்துக் கேட்ட குரல் அது. கொஞ்சமும் தேயவில்லை. ஒவ்வொன்றாக எஞ்சின்கள் அடங்கின. அந்த அமைதியில் அவர், பெற்ற பிள்ளையைத் தெருமுனையிலிருந்து கூப்பிடுகிற மாதிரி, யாரோ ஒருத்தியின் தம்பி பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

ஒரு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மைதானத்துக் கோடியில், பலகை இல்லாத ஏதோ ஒரு வண்டி ஸ்டார்ட் ஆனது.

நர்ஸ் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாலு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன செய்வதென்று தெரியாமல் அவள் பையைப் பிடித்துக்கொண்டாள்.

கேப்டன் மேடைக்கு வந்தார். கத்தப்போகிறார் என்று டீச்சர் தயாராக நின்றாள். அவள் நாக்கு நுனியில் இன்னும் நிறைய இருந்தது. ஆனால் அவர் கத்தவில்லை. பக்கத்தில் வந்து, கேமராவுக்கு முதுகு காட்டி நின்று, குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, நான் சொல்றதைக் கேளுங்க. அந்தப் பேரை லிஸ்ட்லேர்ந்து எடுத்தது நான் இல்ல."

டீச்சர் அவரையே பார்த்தாள். பேரை எடுத்தார்கள் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. இல்லை என்றுதான் சொன்னார்கள்.

"எடுத்தாங்களா?" என்றாள் மெதுவாக. "அப்ப முதல்ல இருந்துதா?"

கேப்டன் கேமரா பக்கம் திரும்பிப் பார்த்தார். மாமனார் வண்டிச் சீட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு மேடைப் படியில் கால் வைத்தார்.